சபைக் கமிட்டிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? விசுவாசத்தோடு முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

தேர்தல் முடிந்துவிட்டது. ஞாயிறு ஆராதனையில் முன்னால் நிற்கவைத்து ஜெபித்து, உங்களைச் சேகரக் கமிட்டியில் (ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் சபையை நிர்வகிக்கும் குழுவில்) சேர்த்துவிட்டார்கள். ஜெபக்கூட்டம், வேதபாடம் எல்லாம் உங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் முதல் கூட்டத்தில் மேசைக்கு வரும் விஷயங்கள் வேறு மாதிரி இருக்கும். ஆலயக் கூரை ஒழுகுகிறது, உபதேசியாருக்கு (போதகருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் ஊழியருக்கு) சம்பளம் போதவில்லை, கல்லறைத் தோட்டத்துச் சுவர் விழுந்து கிடக்கிறது, அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வீட்டுக்கு எவ்வளவு வாங்குவது, வாலிபர்கள் புது சவுண்ட் சிஸ்டம் கேட்கிறார்கள். இதில் எதற்கும் வேதத்தைத் திறந்து "இதோ பதில்" என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வசனம் கிடையாது. அப்படியானால் இங்கே விசுவாசத்துக்கு என்ன வேலை?

நான் பார்த்தவரை பல கமிட்டிகளில் விசுவாசம் இரண்டு நேரத்தில்தான் எட்டிப் பார்க்கிறது. ஒன்று ஆரம்ப ஜெபம். இன்னொன்று, விவாதம் தனக்கு எதிராகப் போகிறது என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் "கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்று சொல்லும் நேரம். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள், திறந்தால் கர்த்தரையே எதிர்த்துப் பேசினது மாதிரி ஆகிவிடும் என்ற பயம். நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. தேவனை உண்மையாக நம்புகிற தலைவர் தன் முடிவை மற்றவர்கள் சோதித்துப் பார்க்கும்படி திறந்து வைப்பார், ஏனென்றால் தன் இருதயம் தன்னையே ஏமாற்றும் என்பதும், ஆவியானவர் எதிரே உட்கார்ந்திருப்பவர் வழியாகவும் பேசுவார் என்பதும் அவருடைய விசுவாசத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதின பவுல், அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் எழுதுகிறார் (1 தெச. 5:19-21). முதல் பாதியை நன்றாகப் பிடித்துக்கொண்ட நாம் இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம்.

தென்னிந்தியத் திருச்சபையின் சேகரக் கமிட்டியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வேறு சபையில் மூப்பராகவோ, ஒரு கிறிஸ்தவப் பள்ளியிலோ விடுதியிலோ பொறுப்பில் இருப்பவர்களோ பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: இது எந்த வகையான விஷயம் என்று பிரியுங்கள்

எல்லா விஷயத்துக்கும் ஒரே மாதிரி ஜெபமும் ஒரே மாதிரி விவாதமும் தேவையில்லை. சில விஷயங்கள் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே முடிவானவை. வேலைக்காரனுடைய கூலியைப் பிடித்துவைக்கக் கூடாது, பொய்க் கணக்கு எழுதக் கூடாது, இதையெல்லாம் வோட்டுக்கு விடவே கூடாது. "உபதேசியாருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, முதலில் பெயின்ட் அடித்துவிட்டுக் கொடுக்கலாமா" என்று யாராவது கேட்டால் அது விவாதப் பொருளே இல்லை. சம்பளம் முதலில்.

இந்த வகையில் மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஞாயிறு பள்ளியிலோ விடுதியிலோ பாடகர் குழுவிலோ ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடந்ததாக உங்கள் காதுக்கு வந்தால், "ஜெபத்தில் வைப்போம்", "சபையின் பெயர் கெட்டுவிடும்", "போதகர் ஐயா வந்ததும் பேசிக்கொள்வோம்" என்று எதுவும் சொல்லாதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்), விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்கத்தான் வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம், நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு அந்தத் தண்டனை இன்னும் கூடுதல். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லலாம். கமிட்டி உள்ளுக்குள்ளேயே விசாரித்து, இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்து, மன்னிப்பு கேட்கச் சொல்லி, ஜெபித்து அனுப்புவதற்கு ஒப்புரவு என்று பெயர் வைக்காதீர்கள். அந்தச் சிறியவரில் ஒருவருக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி இயேசு சொன்னதைத் திரும்ப வாசித்துவிட்டு (மத்தேயு 18:6), அன்றைக்கே போனை எடுங்கள்.

இன்னொரு கோடியில் ருசி சம்பந்தப்பட்டவை இருக்கின்றன. திரைச்சீலை என்ன நிறம், அசனத்துக்கு எத்தனை கூட்டு. இதையெல்லாம் பொறுப்பானவரிடம் விட்டுவிடுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள்.

நடுவில் இருப்பதுதான் ஞானம் தேவைப்படுவது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், இரண்டு பக்கமும் விசுவாசிகள் இருப்பார்கள். புரிந்துகொள்ள ஒரு கற்பனைச் சபையை எடுத்துக்கொள்வோம். நூறு வருஷத்துக்கு மேலான ஆலயம், மங்களூர் ஓடு, மழைக்காலத்தில் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே ஒழுகுகிறது. பாதிப் பேர் இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவார்கள் என்கிறார்கள். மீதிப் பேர் பாட்டன் கட்டின ஆலயத்தைத் தொடாதே என்கிறார்கள். இப்போது என்ன செய்வீர்கள்?

இரண்டாம் படி: வாயைத் திறக்கும் முன் கேளுங்கள்

நீதிமொழிகள் 18ஆம் அதிகாரத்தில் இரண்டு வசனங்கள் உண்டு. 13ஆம் வசனம், காரியத்தைக் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லுகிறவனுக்கு அது புத்தியீனம், வெட்கம் என்கிறது. 17ஆம் வசனம், வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான்போலவே தெரிவான், மற்றவன் வந்த பிறகுதான் உண்மை தெரியும் என்கிறது. இந்த இரண்டையும் மினிட் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டலாம்.

புதிதாக வருகிறவர்களிடம் முதலில் வந்து பேசுகிறவர் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் பேசத் தெரிந்தவர், வண்டி வைத்திருப்பவர், ஆராதனை முடிந்ததும் உங்களை ஓரமாக அழைத்துப் போய்த் தோளில் கை போடுபவர். அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் அது முதல் பேச்சு. ஒழுகும் கூரைக்குக் கீழே வாராவாரம் உட்காரும் வயதான அம்மாமார் உங்களைத் தேடி வரமாட்டார்கள். நீங்கள்தான் போக வேண்டும். "இடித்துக் கட்டினால் இரண்டு வருஷம் பந்தலில்தான் ஆராதனை, உங்களுக்கு எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள், கமிட்டியில் யாரும் யோசிக்காத ஒரு பதில் வரும்.

எண்ணாகமம் 27ஐப் புதிய தலைவர்கள் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், இந்த ஐந்து சகோதரிகள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்துக்கும் முன்னால் வந்து நிற்கிறார்கள். அப்பா செலொப்பியாத் இறந்துவிட்டார், மகன் இல்லை, அதனால் எங்களுக்குக் காணி கிடையாதா என்று கேட்கிறார்கள். அதுவரை இருந்த நடைமுறையைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்ப மோசேக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் அப்படிச் செய்யவில்லை. தன்னிடம் பதில் இல்லை என்பதை ஒத்துக்கொண்டு அவர்களுடைய நியாயத்தைக் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். கர்த்தர் அந்தப் பெண்கள் சொல்வது சரி என்கிறார், பிரமாணமே மாறுகிறது. கர்த்தரோடு முகமுகமாய்ப் பேசின மனிதர் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். நாம் கேட்காமலே சொல்லிவிடுகிறோம்.

மூன்றாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

இடிந்துகிடந்த எருசலேமின் அலங்கத்தைக் கட்ட ராஜாவிடம் அனுமதி வாங்கி வந்த நெகேமியா, வந்தவுடன் கூட்டம் போடவில்லை. மூன்று நாள் இருந்துவிட்டு, இராத்திரியில் சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, இடிந்த அலங்கத்தையும் எரிந்த வாசல்களையும் சுற்றிப் பார்க்கிறார். ஓரிடத்தில் அவர் ஏறியிருந்த மிருகம் போக வழியில்லை என்று கூட எழுதி வைத்திருக்கிறார் (நெகேமியா 2:11-15). பார்த்து முடித்த பிறகுதான் "வாருங்கள், கட்டுவோம்" என்ற பேச்சு.

நம் கற்பனை ஆலயத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஏணி வைத்து மேலே ஏற ஒரு ஆளைக் கூப்பிடுங்கள். ஓடு உடைந்திருக்கிறதா, சட்டத்தில் கரையானா, உத்திரமே உளுத்துப்போனதா என்பது மூன்றும் மூன்று விதமான செலவு. பழைய ஆலயங்களில் பல சுண்ணாம்புக் காரையில் எழுப்பியவை, தடித்த சுவரே கூரையின் பாரத்தைத் தாங்குகிறது. அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிர ஆரம்பிக்கும், அதைப் பார்த்துவிட்டு "கட்டடம் போய்விட்டது, இடிப்பதைத் தவிர வழியில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. ஆகவே புதுக் கட்டடம் கட்டித்தரும் கான்ட்ராக்டரிடம் மட்டும் கேட்காதீர்கள். இடிக்கச் சொன்னால்தான் அவருக்கு வேலை. பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்த்த அனுபவம் உள்ள ஒரு இன்ஜினியரையும் கூட்டிவந்து காட்டி, இரண்டு பேரிடமும் எழுத்தில் வாங்குங்கள். ஜெபம் செய்கிறவர்கள் இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் இயேசுதான் (லூக்கா 14:28).

நான்காம் படி: ஜெபியுங்கள், ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்து ஜெபியுங்கள்

ஜெபத்தை நான்காவதாக வைத்தேன் என்று வருத்தப்பட வேண்டாம், இது முதல் நாளிலிருந்தே கூட ஓடிக்கொண்டிருக்க வேண்டியது. எருசலேம் இடிந்துகிடக்கிறது என்ற செய்தியைக் கேட்டதும் நெகேமியா உபவாசித்து ஜெபித்தார், கேட்ட கிஸ்லேயு மாதத்திலிருந்து ராஜாவிடம் பேசின நிசான் மாதம்வரை ஏறக்குறைய நான்கு மாதம் காத்திருந்தார். அப்புறம் ராஜா "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்ட அந்த நொடியிலும் மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம். அந்த நீண்ட ஜெபம் அவரைச் சும்மா உட்காரவைக்கவில்லை என்பதையும் பாருங்கள், ராஜா கேட்டதும் எவ்வளவு நாள் ஆகும், யாருக்குக் கடிதம் வேண்டும், மரம் தர வனக்காவலன் ஆசாபுக்குத் தனியாக ஒரு கடிதம் என்று எல்லாமே அவர் கையில் தயாராக இருக்கிறது.

ஜெபத்தில் என்ன கேட்பது? பெரும்பாலும் "ஆண்டவரே, இந்தத் திட்டத்தை ஆசீர்வதியும்" என்று கேட்கிறோம், அதாவது முடிவு நம்முடையது, முத்திரை அவருடையது. சாலொமோன் கேட்டது நன்மை தீமை இன்னதென்று வகையறுத்து ஜனங்களை நியாயம் விசாரிக்கத் தக்க இருதயம் (1 இராஜாக்கள் 3:9). யாக்கோபும் ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும், அவர் யாரையும் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார் என்கிறார் (யாக்கோபு 1:5). ஒரு வாரத்துக்கு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஆண்டவரே, நான் பார்க்க மறுக்கிற விஷயம் எது? இந்த முடிவினால் என் பெயர் நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா?" புது ஆலயக் கல்வெட்டில் கமிட்டி உறுப்பினர்களின் பெயர் வரும் என்பது எத்தனை பேர் முடிவைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதை, அவரவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சில பழக்கங்களைப் பற்றி நேராகவே சொல்கிறேன். வருடப் பிறப்பில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை வைத்து முடிவெடுக்காதீர்கள். "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு" என்று வசனம் வந்தது, ஆகவே ஆலயத்தை இடிக்கிறோம் என்றால், அது ஏசாயா 54ஐ அதன் இடத்திலிருந்து பிடுங்கி எடுப்பது. அந்த வசனம் பாபிலோனின் சிறையிருப்பில் நொந்துபோன ஜனத்துக்குக் கொடுத்த ஆறுதல். கர்த்தரிடம் அடையாளம் கேட்டுக் கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டுப் பார்த்ததையும் ஒரு முறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்குக் கர்த்தர் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லியாயிற்று, "நீர் சொன்னபடி" என்று அவனே சொல்கிறான் (நியாயாதிபதிகள் 6:36), தோல் அவனுடைய பயத்தைத்தான் காட்டுகிறது. சீட்டுப் போடுவதைப் பற்றிக் கேட்பீர்கள், அப்போஸ்தலர் 1இல் யூதாசின் இடத்துக்கு ஆளைத் தெரிந்தெடுக்கப் போட்டார்களே என்று. போட்டார்கள். ஆனால் அதற்கு முன் என்ன தகுதி வேண்டும் என்று பேசி, இரண்டு பேரை நிறுத்தி, ஜெபித்து, அதற்குப் பிறகு போட்டார்கள்.

இன்னொன்று, கமிட்டியின் ஆரம்ப ஜெபத்திலேயே எதிர்த் தரப்புக்குப் பதில் சொல்லும் வழக்கம். "ஆண்டவரே, உம்முடைய ஆலயம் கட்டப்படத் தடையாயிருக்கிற இருதயங்களை உடைத்தருளும்" என்று ஒருவர் ஜெபித்தால் அது தேவனிடம் பேசினதா, எதிரே இருப்பவரிடம் பேசினதா? தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் எல்லாரும் மௌனமாக இருந்துவிட்டுத் தொடங்குங்கள், அதுவே போதும்.

மனநிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார், 16ஆம் நூற்றாண்டில் தன் ஆன்மிகப் பயிற்சிகளில் எழுதிவைத்த ஒரு விதி எந்தச் சபைக்காரருக்கும் உதவும்: மனம் சோர்ந்து இருளடைந்திருக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக் கூடாது. அவரே இன்னொன்றும் சொல்கிறார், உனக்கு முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் அவருக்கு என்ன ஆலோசனை சொல்வாய் என்று யோசித்து, அதையே நீயும் செய். கோபத்துக்கும் இது பொருந்தும். தன் சொந்த ஜனமே சகோதரரிடம் வட்டி வாங்கி அவர்கள் பிள்ளைகளை அடிமையாக்கினதைக் கேட்டபோது நெகேமியாவுக்கு மிகவும் கோபம் வந்தது, வந்ததும் முதலில் தன் மனதிலே ஆலோசித்தார், அப்புறம்தான் பிரபுக்களைக் கூப்பிட்டுக் கண்டித்தார் (நெகேமியா 5:6-7). வாட்ஸ்அப் குரூப்பில் பதில் போடும் முன் இந்த இரண்டு வசனத்துக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: யாரிடம் ஆலோசனை கேட்கிறீர்கள் என்று பாருங்கள்

அநேகம் ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும் என்ற நீதிமொழியை எல்லாரும் சொல்வார்கள். பாரத்தைக் குறைக்கச் சொன்ன ஜனத்துக்கு என்ன பதில் சொல்வது என்று சாலொமோனின் மகன் ரெகொபெயாமும் ஆலோசனை கேட்டவன்தான், மூன்று நாள் அவகாசம் வாங்கி, முதியவர்களிடமும் கேட்டான், தன்னோடு வளர்ந்த வாலிபரிடமும் கேட்டான் (1 இராஜாக்கள் 12). முதியவர்கள் நுகத்தை இலகுவாக்கு என்றார்கள், வாலிபர் இன்னும் பாரமாக்கு என்றார்கள். பத்துக் கோத்திரம் அவனைவிட்டுப் போய்விட்டது. வயதானவர்கள் எப்போதும் சரி என்பது இதன் பாடமில்லை. தன்னைப் போலவே வளர்ந்தவர்கள், தன்னோடு சேர்ந்து லாபம் பார்க்கிறவர்கள், அவர்கள் சொன்னது அவன் காதுக்கு இனித்தது. நுகத்தைச் சுமக்கிறவர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்கள் குரல் உள்ளே ஏறவில்லை.

நம்முடைய சபைகளில் இதற்குப் பெயர் சொல்லியே ஆக வேண்டும்: சாதியும் குடும்பமும். கமிட்டித் தேர்தலில் எந்தக் குடும்பத்துக்கு எத்தனை பேர், எந்தத் தெருவுக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு நிற்கவைக்கிறோம், அப்புறம் ஆலோசனையும் அந்த வட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார், தஞ்சாவூர்ப் பக்கம் அதற்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வி உங்கள் மேசைக்கு வந்தால், அது முதல் படியில் சொன்ன, ஏற்கெனவே முடிவான விஷயங்களில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துவுக்குள் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றவர்களைச் செத்த பிறகு பிரிப்பதற்கு எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் இல்லை.

அப்போஸ்தலர் 6 இதற்கு ஒரு அருமையான வழி காட்டுகிறது. கிரேக்க மொழி பேசுகிற யூத விசுவாசிகள், அன்றாட விசாரிப்பில் தங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று முறுமுறுக்கிறார்கள். எருசலேம் சபையின் பெரும்பான்மை எபிரெயர், அதாவது உள்ளூர் மொழி பேசுகிற யூத விசுவாசிகள். இங்கே ஏழு பேரைத் தெரிந்துகொள்கிறார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்துக்கே பந்தியின் பொறுப்பு போயிருக்கிறது என்று வேத அறிஞர்கள் பலர் இதைப் பார்க்கிறார்கள். பெரும்பான்மையாக இருப்பவர்கள் இப்படிச் செய்ய எவ்வளவு மனது வேண்டும்! உங்கள் சபையில் "எங்கள் தெருவுக்கு எதுவுமே வருவதில்லை" என்று ஒரு பக்கம் சொன்னால், நலத்திட்டக் குழுவை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: கூட்டத்தில் முடிவெடுப்பது

அப்போஸ்தலர் 15ஐ ஒரு மினிட் நோட்டு மாதிரி வாசியுங்கள். புறஜாதியார் விருத்தசேதனம் பண்ண வேண்டுமா என்ற கேள்வி. முதலில் பரிசேய சமயத்திலிருந்து வந்த விசுவாசிகளைப் பேச விடுகிறார்கள், அவர்கள் சொன்னது கடைசியில் நிற்கவில்லை, ஆனால் முழுதாகக் கேட்டார்கள். மிகுந்த தர்க்கம் நடக்கிறது, அதை லூக்கா மறைக்கவில்லை. பேதுரு தான் கண்டதைச் சொல்கிறார், பர்னபாவும் பவுலும் பேசும்போது கூட்டம் அமைதியாகக் கேட்கிறது, கடைசியில் யாக்கோபு தீர்க்கதரிசிகளின் வசனத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு முடிவைச் சொல்கிறார். அப்புறம் கடிதம், அதோடு வாய்மொழியாகவும் விளக்க யூதா, சீலா என்று இரண்டு பேர். அந்தக் கடிதத்தில் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதும் துணிச்சல் அவர்களுக்கு இவ்வளவுக்கும் பிறகு வந்தது. விவாதத்தை முடிக்க அந்த வார்த்தையை அவர்கள் பயன்படுத்தவில்லை.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். கூரை விஷயத்தில் ஒரே கூட்டத்தில் முடிவெடுக்காதீர்கள். முதல் கூட்டத்தில் இன்ஜினியரின் அறிக்கையை வாசித்து எல்லாரும் கேள்வி மட்டும் கேட்கட்டும், யாரும் தன் நிலையைச் சொல்ல வேண்டாம். இரண்டாவது கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பேசட்டும், வயதிலோ பதவியிலோ சிறியவரிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் போதகரோ பெரிய வீட்டுக்காரரோ முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். பெண் உறுப்பினர்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இடிக்கலாம் என்பவர், இடிக்க வேண்டாம் என்பவருடைய நியாயத்தை அவரே ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லட்டும், அப்புறம் தன்னுடையதைச் சொல்லட்டும். இதை ஒரு தடவை செய்து பார்த்தாலே கூட்டத்தின் சூடு இறங்குவது தெரியும்.

வோட்டு வந்து எட்டுக்கு ஏழு என்று நின்றால்? சட்டப்படி தீர்மானம் நிறைவேறும். ஆனால் சபையை இரண்டு வருஷம் பந்தலில் உட்காரவைக்கும் ஒரு முடிவை ஒரு வோட்டு வித்தியாசத்தில் ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. உடைந்த ஓடுகளை மட்டும் இந்த மழைக்கு மாற்றிவிட்டு ஆறு மாதம் பொறுத்திருங்கள். அதற்காக ஏகமனது வரும்வரை எதுவுமே செய்யாமல் இருக்கவும் முடியாது. அதே 15ஆம் அதிகாரத்தின் முடிவில் பவுலும் பர்னபாவும் மாற்குவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்ற விஷயத்தில் ஒத்துப்போகாமல் தனித்தனியாகப் பிரிந்து போகிறார்கள், ஆலோசனைச் சங்கத்தை அவ்வளவு அழகாக நடத்தி முடித்த அதே மனிதர்கள். பின்னாளில் மாற்கு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுலே எழுதுகிறார் (2 தீமோ. 4:11).

முடிவினால் வரும் பாரத்தில் உங்கள் பங்கு என்ன என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்களின் மிஷனெரி ஆர்வத்தைப் பார்த்து மனதில் குத்தப்பட்டார். அடுத்த வருஷமே, 1903இல், நம் ஆட்களைக்கொண்டு நம் பணத்தில் நடக்க வேண்டும் என்ற முடிவோடு திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. மற்றவர்களைப் போங்கள் என்று அழைத்தவர், 1909இல் தானே தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகப் போனார். 1912இல் அங்கேயே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். தன் கையை முதலில் நீட்டாமல் ஊரைக் கேட்கிற தலைவருடைய தீர்மானம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

ஏழாம் படி: பணம்

இங்கே நல்லெண்ணம் போதாது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுல், யாரும் குறை சொல்லாதபடிக்குத் தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் அனுப்புகிறார், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்கிறார் (2 கொரி. 8:18-21). அப்போஸ்தலனே தன்னை நம்புங்கள் என்று சொல்லவில்லை. "ஆலயப் பணத்தில் யார் கை வைப்பார்கள், சந்தேகப்படலாமா" என்று கேட்பவர்களுக்கு இந்தப் பகுதியைக் காட்டுங்கள்.

காணிக்கையை ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேராவது சேர்ந்து, ஆராதனை முடிந்த கையோடு ஆலயத்திலேயே எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மிஷனெரிக் காணிக்கை என்று வாங்கினதைக் கூரைக்குத் திருப்பக் கூடாது, "அப்புறம் போட்டுவிடலாம்" என்று சொன்னாலும் கூடாது. கான்ட்ராக்டர் உங்கள் மச்சானாக இருந்தால் அதைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, அந்த விஷயம் முடியும்வரை வெளியே போய் உட்காருங்கள். யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாதக் கணக்கைப் பலகையில் ஒட்டுங்கள். சோறு பொங்கும்போது கைப்பிடி அரிசி எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொண்டுவந்த பெண்களின் சபைகள் இவை. அவர்களில் ஒருவர் பலகைமுன் நின்று வாசித்தால் புரிகிற தமிழில் அந்தக் கணக்கு இருக்க வேண்டும்.

எட்டாம் படி: முடிவெடுத்த பிறகு

தீர்மானத்தை எழுதும்போது என்ன முடிவு என்று மட்டும் எழுதாமல், ஏன் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள், மாற்றுக் கருத்து இருந்தால் அதையும். அறிவிப்பு நேரத்தில் போதகர் ஒருவரே வாசித்துவிட்டு நகர்வதைவிட, எதிர்த்துப் பேசினவரில் ஒருவரும் பக்கத்தில் நின்று சொன்னால் சபை கேட்கும்.

தவறான முடிவு என்று பிறகு தெரிந்தால்? இங்கே வேதம் இரண்டு விதமாகக் காட்டுகிறது, இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். செலொப்பியாத்தின் மகள்களுக்குக் காணி கொடுத்த பிறகு, எண்ணாகமம் 36இல் அவர்களுடைய கோத்திரத்தின் தலைவர்கள் வந்து, இவர்கள் வேறு கோத்திரத்தில் கலியாணம் பண்ணினால் நிலம் போய்விடுமே என்கிறார்கள். மோசே அதையும் கேட்கிறார், கர்த்தருடைய கட்டளையின்படி தீர்ப்பு திருத்தப்படுகிறது. மகள்களின் உரிமை போகவில்லை, புதிதாக வந்த சிக்கலுக்கு வழி கிடைத்தது. திருத்துவது அவமானமில்லை. ஆனால் யோசுவா 9இல் கிபியோனியர் பூசணம் பிடித்த அப்பத்தையும் கிழிந்த துருத்திகளையும் காட்டி, தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் என்று ஏமாற்றினபோது, இஸ்ரவேலின் தலைவர்கள் கர்த்தரிடம் கேட்காமல் அவர்களை உயிரோடு விடுவதாக ஆணையிட்டுக் கொடுத்துவிட்டார்கள். மூன்று நாளில் உண்மை தெரிந்தது. ஆனாலும் கொடுத்த வாக்கை மீறவில்லை. பல தலைமுறை கழித்து சவுல் அதை மீறினபோது தாவீதின் காலத்தில் மூன்று வருஷம் பஞ்சம் வந்தது என்று 2 சாமுவேல் 21 சொல்கிறது. முந்தைய கமிட்டி ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஆலய நிலத்தில் பத்து வருஷம் குடியிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால், "அது அவர்கள் போட்ட தீர்மானம்" என்று கைகழுவ முடியாது. வாக்கு சபையுடையது.

முதல் கூட்டத்துக்கு முன்பாக

கடந்த மூன்று வருஷத்து மினிட் நோட்டைக் கேட்டு வாங்கி முழுதாக வாசியுங்கள். எந்தத் தீர்மானம் போட்டும் நடக்காமல் நிற்கிறது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், எந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 6, 15, எண்ணாகமம் 27, 36, 2 கொரிந்தியர் 8, இந்த ஐந்து அதிகாரங்களையும் அந்த வாரத்தில் ஒருமுறை நிதானமாக வாசித்துவிடுங்கள். பொருளாளராக இருந்தால் பழைய பொருளாளரோடு உட்கார்ந்து பாஸ்புக் இருப்பையும் கணக்குப் புத்தக இருப்பையும் ஒத்துப்பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஞாயிறு பள்ளி நடக்கும் அறையில் 1098 என்ற எண் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை, ஒரு தாளில் பெரிதாக எழுதி இந்த ஞாயிறே ஒட்டிவிடலாம்.